குடல் அழற்சி நோயும் "எனக்கேத்த மருந்தும்": டர்பனில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மருந்தாளராக வேலை பார்க்கிறேன். எனக்கே 2012-லிருந்து அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற குடல் அழற்சி நோய் உண்டு. இரண்டும் சேர்ந்ததால் கெமிஸ்ட் கவுன்டரிலும் கோயில் வாசலிலும் கல்யாணப் பந்தியிலும் "அக்கா, ஒரு நிமிஷம்" என்று ஓரமாகக் கூப்பிடுகிறவர்கள் நிறைய. குடல் சமாச்சாரத்தை நம்மவர்கள் உரக்கக் கேட்கமாட்டார்கள். முன்னெல்லாம் "என்ன சாப்பிடலாம்?" என்றுதான் கேட்பார்கள். இப்போது "எனக்கேத்த மருந்தை மரபணு பார்த்துச் சொல்லிடுவாங்களாமே?" என்பதும் சேர்ந்துகொண்டது.

திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. இதைப் படித்துவிட்டு மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எதைக் கேட்பது என்று தெரிந்தால் போதும்.

ஐ.பி.எஸ்.ஸும் ஐ.பி.டி.யும் ஒண்ணுதானே அக்கா?

இல்லை. ஐ.பி.எஸ். என்பது குடல் நடந்துகொள்கிற விதத்தில் உள்ள கோளாறு. வலி, வயிற்றுப்போக்கு எல்லாம் நிஜம், ஆனால் உள்ளே புண் இருக்காது. ஐ.பி.டி. என்கிற குடல் அழற்சி நோயில் உடம்பின் எதிர்ப்புப் படையே குடல்சுவரைத் தாக்கிப் புண்ணாக்குகிறது. அதில் முக்கியமாக இரண்டு வகை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உள்தோலோடு நிற்கும். கிரோன்ஸ் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், சுவரின் முழுத் தடிமனையும் துளைக்கலாம். மலத்தில் ரத்தம், இரவில் தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் "எனக்கு ஐ.பி.எஸ்.தான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

தனிநபர் மருத்துவம்னா, ஒவ்வொருத்தருக்கும் தனியா மாத்திரை தயார் பண்ணுவாங்களா?

மாத்திரை எல்லோருக்கும் ஒன்றுதான். யாருக்கு எதை, எவ்வளவு, எப்போது, எதுவரை என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். தையல்காரர் எல்லாச் சட்டையும் ஒரே துணியில்தான் தைக்கிறார், அளவெடுக்காமல் வெட்டுவதில்லை. அது மாதிரி.

இந்த நோயில் எடுக்க வேண்டிய அளவுகள் பல: புண் எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம், உங்கள் வயது, புகை பிடிப்பீர்களா, டி.பி. வந்ததுண்டா, ரத்தத்தில் மருந்து எவ்வளவு நிற்கிறது, ஒரு சில மரபணுக்கள். மரபணு இந்த வரிசையில் கடைசியில்தான் வருகிறது. பத்திரிகைகளில் அதை முதலில் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

டாக்டர் முதல்ல டி.பி.யா இருக்கும்னு மருந்து கொடுத்தார், இப்ப கிரோன்ஸ்ங்கறார். அவருக்கே தெரியலையா?

அவரைக் கோபிக்காதீர்கள். இந்த நாட்டில் குடல் மருத்துவருக்கு வரும் சிக்கல்களில் இது கடுமையானது. தென்னாப்பிரிக்காவில் டி.பி. மிக அதிகம், அது நுரையீரலோடு நிற்பதில்லை. குடல் டி.பி.யும் கிரோன்ஸும் ஒரே இடத்தைத்தான் விரும்புகின்றன: சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் மூலை. காய்ச்சல், எடைக் குறைவு, வலது அடிவயிற்று வலி இரண்டிலும் உண்டு. தசைத்துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டிலும் கிரானுலோமா என்ற சிறு கட்டிகள் தெரியும். அந்தக் கட்டியின் நடு இறந்து தயிர்க்கட்டி போல ஆகியிருந்தால் டி.பி. நிச்சயம் என்பார்கள், ஆனால் எல்லா டி.பி.யிலும் அது அகப்படாது. சளியில் நன்றாகக் கண்டுபிடிக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனை குடல் துண்டில் பலமுறை கோட்டைவிடும்.

ஆசனவாய் அருகே புரை வைத்திருப்பது, குடலின் நீளவாக்கில் ஓடும் புண் ஆகியவை கிரோன்ஸ் பக்கம் சாயும். குடலைச் சுற்றி அறுத்தது போன்ற புண், ஸ்கேனில் நடுவே இறந்த நிணநீர்க் கட்டிகள் இருந்தால் டி.பி. பக்கம் சாயும். அப்படியும் தெளிவாகவில்லை என்றால் டி.பி. மருந்தை முதலில் கொடுத்து, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி குடலுக்குள் காமிரா விட்டுப் புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மாற்றிச் செய்தால் ஆபத்து அதிகம். டி.பி. இருக்கும் உடம்பில் கிரோன்ஸ் என்று நினைத்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டோ, பயாலஜிக் என்ற புரத மருந்து ஊசியோ போட்டால் டி.பி. உடம்பெல்லாம் பரவிவிடும். உங்கள் டாக்டர் செய்ததும் அளவெடுக்கும் வேலைதான்.

எனக்கும் என் தம்பிக்கும் ஒரே கொலைட்டிஸ். அவனுக்குப் பின்வழி மருந்து, எனக்கு மாத்திரை. ஏன் இந்தப் பாகுபாடு?

தம்பிக்குப் புண் மலக்குடலில் மட்டும் இருந்திருக்கும். அங்கே மெசலசின் என்ற அழற்சி தணிக்கும் மருந்தைச் சப்போசிட்டரியாக வைத்தால் மருந்து நேராகப் புண்ணிலேயே போய் விழும், வாய்வழி மாத்திரையைவிட நன்றாக வேலை செய்யும். புண் இடதுபக்கம் மேலேறினால் எனிமாவும் மாத்திரையும் சேரும். முழுப் பெருங்குடல் என்றால் கதையே வேறு. வெட்கத்தால் சப்போசிட்டரியை வாங்கிப்போய் குளிர்சாதனப் பெட்டியில் தூங்க வைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலருக்கு அடுத்த மாதம் ஸ்டீராய்டு தேவைப்பட்டது.

மெசலசின் கொலைட்டிஸில் கெட்டிக்கார மருந்து, கிரோன்ஸில் பெரிதாகப் பயனில்லை. புகையும் அப்படித்தான், இரண்டு நோயிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. கிரோன்ஸ் உள்ளவர் புகை பிடித்தால் நோய் மோசமாகும், அறுவை சிகிச்சை வாய்ப்பு கூடும். கொலைட்டிஸில் சிகரெட்டை விட்ட பிறகு நோய் கிளம்புவது உண்டு. அதற்காக "டாக்டரே பிடிக்கச் சொன்னார்" என்று வீட்டில் சொல்லாதீர்கள். நுரையீரலும் இதயமும் கணக்கில் இருக்கின்றன.

ஒரு சொட்டு ரத்தத்துல மரபணு பார்த்து எந்த மருந்து கேட்கும்னு சொல்லிட முடியாதா?

இன்றைக்கு முடியாது. முயற்சி நடக்காமல் இல்லை. 2001-ல் நாட்2 என்ற மரபணுவுக்கும் கிரோன்ஸுக்கும் உள்ள தொடர்பு தெரிந்தது. பிறகு இருநூறுக்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் பட்டியலில் சேர்ந்தன. ஒவ்வொன்றும் தனியாக நோய்க்குச் செய்யும் பங்கு கடுகளவு. பட்டியலின் பெரும்பகுதி ஐரோப்பியர்களைப் பார்த்து எழுதியது. அவர்களிடம் பிரபலமான அந்த நாட்2 மாற்றங்கள் இந்திய வம்சாவளியினரிடம் அபூர்வம்.

இங்கிலாந்தில் நடந்த புரொஃபைல் என்ற ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது. புதிதாக கிரோன்ஸ் கண்டறியப்பட்ட 386 பேர். ரத்தத்தில் ஒரு குறிப்பான் பார்த்து, "இவருக்கு நோய் முரட்டுத்தனமாகப் போகும், இவருக்கு அடங்கிப் போகும்" என்று பிரித்து அதன்படி மருந்து கொடுத்தால் நல்லதா என்பதுதான் கேள்வி. குறிப்பான் தோற்றது. ஆனால் எதிர்பாராத வேறொன்று கிடைத்தது. ஆரம்பத்திலேயே இன்ஃப்ளிக்ஸிமாபும் (நரம்பு வழியாக டிரிப்பாக ஏறும் பயாலஜிக்), எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஒரு துணை மருந்தும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 79 சதவீதம் பேர் ஓராண்டு முடியும் தறுவாயில் ஸ்டீராய்டும் அறுவையும் இல்லாமல் நோய் அடங்கி இருந்தார்கள். படிப்படியாக மருந்தை ஏற்றியவர்களில் 15 சதவீதம்தான். ஜாதகம் பார்க்கப் போன இடத்தில் "நேரத்தோடு ஆரம்பி" என்ற பதில் வந்தது. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் கடந்த சில வருஷங்களில் வந்த மிகப் பயனுள்ள சேதி இதுதான்.

அப்ப மரபணு டெஸ்ட் எல்லாம் வேஸ்ட்டா?

ஒன்றே ஒன்றை மட்டும் நான் விடமாட்டேன். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோப்ரின், மெர்காப்டோப்யூரின் மாத்திரை ஆரம்பிக்கும் முன் பார்க்கும் நட்15 மரபணு. பழைய புத்தகங்களில் டி.பி.எம்.டி. என்ற இன்னொன்றைப் பார்க்கச் சொல்லியிருக்கும். அது ஐரோப்பியர்களுக்கு முக்கியம். ஆசிய வம்சத்தவருக்கு நட்15 தான் காலை வாருகிறது: அது மாறியிருந்தால் இந்த மாத்திரையால் வெள்ளை அணுக்கள் சரிந்துவிடும். நம் தெற்காசிய ரத்தத்தில் ஏறத்தாழ பத்துக்கு ஒருவருக்கு, அப்பாவிடமும் அம்மாவிடமும் இருந்து வந்த இரண்டு பிரதிகளில் ஒன்றிலாவது இந்த மாற்றம் இருக்கிறது.

என் கதை இது. 2012-ல் எனக்கு அசாதயோப்ரின் எழுதினார்கள். மூன்றாவது வாரம் தலைக்குக் குளித்தபோது தண்ணீர் வடியவில்லை. குனிந்து பார்த்தால் வடிகால் சல்லடை மேல் கறுப்பாக ஒரு கைப்பிடி முடி. மன உளைச்சல் என்று நினைத்து எண்ணெய் தேய்த்தேன். நாலு நாளில் காய்ச்சல், வாயெல்லாம் புண். வெள்ளை அணு எண்ணிக்கை 1.3. நாலுக்குக் கீழே போனாலே கவலைப்பட வேண்டும். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் தனி அறை. யார் மீதும் தப்பில்லை. நட்15-க்கும் இந்த மருந்துக்கும் உள்ள உறவு கொரிய நோயாளிகளிடம் கண்டுபிடிக்கப்பட்டு வெளியானதே 2014-ல்தான். பிறகு சென்னை போனபோது பரிசோதித்தேன். இரண்டு பிரதியும் மாறியிருந்தது.

இன்று யாருக்கும் அந்த அனுபவம் வேண்டியதில்லை. இரண்டு பிரதியும் மாறியிருந்தால் இந்த மருந்தே வேண்டாம். ஒன்று மட்டும் என்றால் குறைந்த அளவில் தொடங்கிப் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும், மரபணு மாறாது.

எங்க டாக்டர் அந்த டெஸ்டைப் பத்திக் கேள்விப்பட்டதில்லைன்னார். இல்ல, காசு கட்டுப்படியாகலைன்னா?

"நான் இந்திய வம்சாவளி, நட்15 பார்க்கலாமா?" என்று மரியாதையாக ஒரு வரி சொல்லிப் பாருங்கள். முடியாவிட்டால் ரத்த எண்ணிக்கைதான் காவல். முதல் மாதம் வாரம் ஒருமுறை, அல்லது உங்கள் டாக்டர் சொல்லும் கணக்கில். பிறகு மாதம் ஒருமுறை, நிலைத்ததும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மேலே சொன்ன மாதிரி ஆரம்ப வாரங்களில் முடி கொத்தாகக் கொட்டினால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றே போன் செய்யுங்கள். மரபணு சரியாக இருப்பவர்களுக்கும் இந்த ரத்தப் பரிசோதனை உண்டு. கல்லீரல், கணையம் வழியாக வரும் தொல்லையை நட்15 சொல்லாது.

டிரிப் ஒரு வருஷம் அருமையா வேலை செஞ்சது. இப்ப மறுபடி ஆரம்பிச்சிடுச்சு. உடம்பு மருந்துக்குப் பழகிடுச்சா?

"பழகிடுச்சு" என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று நான்கு வெவ்வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. முதலில் இது அழற்சிதானா என்று பார்க்க வேண்டும். வயிற்றில் கிருமித் தொற்று இருக்கலாம், ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பின் வரும் சி.டிஃப் கிருமியாக இருக்கலாம், ஐ.பி.எஸ். கூடச் சேர்ந்திருக்கலாம். அழற்சிதான் என்று உறுதியானால் ரத்தத்தில் மருந்தின் அளவையும் அதற்கு எதிராக உடம்பு செய்த எதிர்ப்பொருளையும் பார்ப்பார்கள். அடுத்த டிரிப் ஏறும் முன், மருந்து அடிமட்டத்தில் இருக்கும் நேரத்தில் ரத்தம் எடுக்க வேண்டும். டிரிப் ஓடி முடிந்த கையில் எடுத்தால் அந்தக் காசு வீண்.

இன்ஃப்ளிக்ஸிமாப் என்றால் மில்லிக்கு 5 மைக்ரோகிராம், அதே குடும்பத்து ஊசியான அடலிமுமாப் என்றால் 7.5, அதற்கு மேல் இருக்க வேண்டும் என்பது பரவலான கணக்கு. மருந்து குறைவு, எதிர்ப்பொருள் இல்லை என்றால் மருந்து போதவில்லை. அளவைக் கூட்டுவார்கள், அல்லது எட்டு வார இடைவெளியை ஆறாக்குவார்கள். மருந்து குறைவு, எதிர்ப்பொருள் ஏராளம் என்றால் உடம்பு அதை எதிரியாக எழுதிவைத்துவிட்டது. அதே குடும்பத்தில் வேறு ஊசியை, கூட ஒரு துணை மருந்தோடு முயல்வார்கள். மருந்து நிறைய இருந்தும் புண் ஆறவில்லை என்றால் இந்தக் குடும்பமே உங்களுக்குச் சரிப்படவில்லை. வெடோலிசுமாப், உஸ்டெகினுமாப் போல வேறு வழியில் வேலை செய்யும் மருந்துக்குத் தாவ வேண்டும். "அது கேக்கல, இது போடு" என்று கண்ணை மூடி மாற்றுவதற்கும் இதற்கும் உள்ள தூரம்தான் நீங்கள் கேட்கிற தனிநபர் மருத்துவம்.

எதிர்ப்பொருள் யாருக்கு வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல எச்.எல்.ஏ.-டி.க்யூ.ஏ.1*05 என்று ஒரு மரபணு உண்டு. அது இருந்தால் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பு. அன்றாட மருத்துவத்தில் இதை வைத்து முடிவெடுக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

மலப் பரிசோதனையில கால்ப்ரோடெக்டின் 400-னு வந்திருக்கு. பயப்படணுமா?

அது வெள்ளை அணுக்களுக்குள் இருக்கும் ஒரு புரதம். குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் கசியும். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே நலம். 250-க்கு மேல் பெரும்பாலும் அழற்சி. நடுவில் இருப்பது "இன்னும் கொஞ்சம் பொறு, திரும்பப் பார்" என்ற பகுதி. தொந்தரவே இல்லாதவருக்கு 150-க்குக் கீழ் இருந்தால் உள்ளே அடங்கியிருக்கிறது என்று டாக்டர்கள் தைரியமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் 400-ஐ விட, போன முறை எவ்வளவு என்பதுதான் என் முதல் கேள்வி. 1,800-லிருந்து 400 என்றால் இனிப்பு வாங்கலாம். 60-லிருந்து 400 என்றால் டாக்டரைக் கூப்பிடலாம். அந்த வாரம் வயிற்றுக் கிருமியோ வலி மாத்திரையோ இருந்திருந்தாலும் எண் ஏறும். ஒரே ஆய்வகத்தில் கொடுத்து, எண்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். என் நோட்டைப் பார்த்து டாக்டரே ஒருமுறை போட்டோ எடுத்துக்கொண்டார்.

எனக்கு இப்ப ஒண்ணுமே இல்ல. அப்புறம் எதுக்கு மருந்தும் காமிராவும்?

தொந்தரவு இல்லாததும் புண் இல்லாததும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை, அதுவும் கிரோன்ஸில். இப்போது டாக்டர்கள் மூன்று இலக்கு வைக்கிறார்கள்: முதலில் நோயாளிக்குத் தொந்தரவு அடங்க வேண்டும், அடுத்து ரத்தத்திலும் மலத்திலும் எண்கள் இறங்க வேண்டும், கடைசியாகக் காமிராவில் புண் ஆறித் தெரிய வேண்டும். இரண்டாவது படியில் நிறுத்தியவர்கள்தான் சில வருஷத்தில் குடல் சுருங்கி அடைப்போடு வருகிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பெருங்குடலில் நோய் பரவியிருந்தால் எட்டு வருஷம் ஆனதும் புற்றுநோய்க்கான காமிரா பரிசோதனை தொடங்க வேண்டும். பித்தநாளத்தில் பி.எஸ்.சி. என்ற கோளாறும் சேர்ந்திருந்தால் கண்டுபிடித்த வருஷத்திலிருந்தே ஆண்டுதோறும்.

பிரெட்னிசோன் போட்டா மூணே நாள்ல சரியாயிடுது. அதையே கொஞ்சமா தொடர்ந்தா என்ன?

வீட்டில் தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றுவோம். அதற்காகத் தினமும் ஊற்றிக்கொண்டே இருந்தால் சுவர் நிற்காது. எலும்பு கரையும், சுகர் ஏறும், கண்ணில் புரை வரும். நம்மவர்களில் பாதிப்பேருக்குச் சுகர் வாசலில் நிற்கிறது. அதைவிட, நோய் திரும்ப வராமல் பிடித்துவைக்கும் சக்தி ஸ்டீராய்டுக்குக் கிடையாது. வருஷத்தில் இரண்டாவது முறை ஸ்டீராய்டு தேவைப்பட்டால் அடிப்படை மருந்து போதவில்லை என்று அர்த்தம். ஆனால் வாரக்கணக்கில் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

ஊசி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஏன் இத்தனை டெஸ்ட்? எக்ஸ்ரே, டி.பி., ஹெபடைட்டிஸ், எச்.ஐ.வி. சந்தேகப்படறாங்களா?

யாரையும் சந்தேகப்படவில்லை, எல்லோருக்கும் செய்வதுதான். டி.பி. கிருமி உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதைச் சுவர் கட்டிச் சிறை வைத்திருப்பது டி.என்.எஃப். என்ற பொருள். இன்ஃப்ளிக்ஸிமாபும் அடலிமுமாபும் தடுப்பது அதே டி.என்.எஃபை. சிறைக்கதவு திறந்துவிடும். தூங்கும் டி.பி. இருந்தால் தடுப்பு மாத்திரை தொடங்கி, குறைந்தது ஒரு மாதமாவது ஆன பிறகுதான் ஊசி. முன்பு டி.பி. வந்தவர், வீட்டில் டி.பி. நோயாளி இருப்பவர், சுரங்கத்திலோ சிறையிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை செய்பவர் என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். குடலோடு மட்டும் வேலை செய்யும் வெடோலிசுமாப் போன்றது உங்களுக்கு நல்லதாக இருக்கலாம்.

பயோசிமிலர்னு மாத்திட்டாங்க. டூப்ளிகேட்டா?

இல்லை. காப்புரிமை முடிந்த மருந்தை இன்னொரு நிறுவனம் செய்து, அசலுக்குச் சமம் என்று நிரூபித்த பிறகே அனுமதி கிடைக்கிறது. நன்றாக இருப்பவர்களை அசலிலிருந்து மாற்றிப் பார்த்த ஆய்வுகளிலும் பெரிய வித்தியாசம் வரவில்லை. எனக்கும் மாற்றினார்கள். பெட்டியின் நிறம் மட்டும்தான் எனக்குத் தெரிந்த மாற்றம். ஆனால் அசலுக்கு எதிராக எதிர்ப்பொருள் வந்தவருக்கு அதன் பயோசிமிலர் பயன்படாது. உடம்புக்கு இரண்டும் ஒரே முகம்.

மெடிக்கல் எய்ட் பயாலஜிக்குக்குப் பணம் தரமாட்டோம்ங்குது. க்ரானிக் லிஸ்ட்ல இருக்குன்னு சொன்னீங்களே?

இருக்கிறது. கிரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இரண்டுமே மெடிக்கல் எய்ட் என்கிற மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் கட்டாயம் பணம் தர வேண்டிய நாட்பட்ட நோய்ப் பட்டியலில் உள்ளவை. எவ்வளவு சின்ன பிளான் ஆனாலும் நோயறிதல், டாக்டர் ஆலோசனை, அடிப்படை மருந்து அவர்கள் பொறுப்பு. அதற்கு முதலில் டாக்டர் படிவம் நிரப்பி க்ரானிக் திட்டத்தில் பதிய வேண்டும். கிரோன்ஸுக்குக் குறியீடு கே50, கொலைட்டிஸுக்கு கே51. குறியீடு தப்பாக விழுந்ததாலேயே பணம் மறுக்கப்பட்ட பில்களை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன்.

பயாலஜிக் பெரும்பாலும் அந்த அடிப்படை மருந்துகளில் சேராது, பிளானைப் பொறுத்தது. ஆனாலும் 1998-ஆம் வருஷத்து மருத்துவத் திட்டச் சட்டத்தின் விதிகளில் 15ஹெச், 15ஐ என்று இரண்டு உண்டு. பட்டியலில் உள்ள மருந்து பலிக்கவில்லை அல்லது கெடுதல் செய்கிறது என்றால் விதிவிலக்குக்கு வழி வைத்திருக்க வேண்டும் என்கின்றன. ஆகவே டாக்டரின் மோட்டிவேஷன் கடிதத்தில் வெறுமனே "பயாலஜிக் தேவை" என்று இருந்தால் போதாது. எந்த மருந்து, எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு அளவு, ஏன் தோற்றது, கால்ப்ரோடெக்டின் எண், காமிரா அறிக்கை எல்லாம் இருக்க வேண்டும். மேலே சொன்ன நோட்டு இங்கே கைகொடுக்கும். அப்படியும் மறுத்தால் இந்தத் திட்டங்களைக் கண்காணிக்கும் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸிடம் புகார் செய்யலாம். எய்ட் இல்லாதவர்கள் உள்ளூர் அரசு மருத்துவமனை வழியாகப் பரிந்துரைக் கடிதத்தோடு இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். நேரமெடுக்கும், ஆனால் கதவு உண்டு.

சரி, என்னதான் சாப்பிடறது?

பீன்ஸ் கறி ஒருவருக்கு அமிர்தம், அடுத்தவருக்கு அன்று ராத்திரி தூக்கம் போச்சு. எல்லோருக்கும் பொருந்தும் பட்டியல் கிடையாது. குடல் சுருங்கிய இடம் இருப்பவர்களுக்கு மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன்: மீலி (மக்காச்சோள) மணிகள், முருங்கைச் சக்கை, ஆரஞ்சுத் தோலிழை, முழு நிலக்கடலை போய் அடைத்துக்கொள்ளும். முருங்கையைக் கறியில் போடுங்கள், சாறு உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்புங்கள். பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பியது) ஆசைப்பட்டால் கால் ரொட்டியின் உள்பஞ்சையும் உருளைக்கிழங்கையும் சாப்பிடுங்கள், காரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடிக்கூழ் பலருக்கு ஒத்துக்கொள்கிறது, வெங்காயத்தை மட்டும் அதில் போடாமல் தனியாக வையுங்கள். பால் ஆகாதவர்களுக்கும் புளித்த மோரும் தயிரும் ஓரளவு தாங்கும்.

உணவே மருந்தாவதும் உண்டு. கிரோன்ஸ் உள்ள குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேறெதுவும் தராமல் சத்துப்பால் மட்டும் கொடுத்தால் ஸ்டீராய்டுக்கு ஈடாக நோய் அடங்குகிறது, வளர்ச்சியும் கெடுவதில்லை. பாட்டிகளுக்குத்தான் பொறுக்காது: "பிள்ளைக்கு ஒரு வாய் சோறு குடுத்தா என்ன?" அந்த ஒரு வாய்தான் கெடுக்கும்.

புரட்டாசி விரதம் இருக்கேன். எப்பவும் களைப்பா வேற இருக்கு.

மரக்கறி விரதத்துக்குத் தடையில்லை. பட்டினி விரதத்தை நோய் கிளம்பிய நேரத்தில் விடுங்கள். களைப்புக்கு, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பாருங்கள். சாதாரணமாக 30-க்குக் கீழ் போனால் இரும்புச் சத்து இல்லை என்று சொல்வோம். அழற்சி இருக்கும்போது அந்த எண் பொய்யாக ஏறும் என்பதால் 100 வரைகூடக் குறைவாகவே கருதுவார்கள். நோய் தீவிரமாக இருக்கையில் இரும்பு மாத்திரை உள்ளே சரியாக ஏறாது, வயிற்றையும் கெடுக்கும். நரம்பு வழியாக ஏற்றுவது நல்லது.

தலைவலிக்கு கிராண்ட்பா பவுடர் போடலாம்ல?

வேண்டாம். அதில் ஆஸ்பிரின் இருக்கிறது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக்கும் வேண்டாம். வெறும் பாராசிட்டமால் போதும்.

மஞ்சள் சாப்பிட்டா மருந்தே வேண்டாமாமே?

மஞ்சளில் உள்ள குர்குமினை மெசலசினோடு சேர்த்து லேசான கொலைட்டிஸில் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகளில் பலன் தெரிந்தது. ஆனால் அங்கே கொடுத்தது தினம் 3 கிராம் குர்குமின். மஞ்சள் தூளில் குர்குமின் சில சதவீதம்தான், குழம்பில் அந்த அளவு வராது. செறிவூட்டிய மாத்திரைகளால் கல்லீரல் பாதித்தவர்களும் உண்டு, ஆகவே டாக்டருக்குத் தெரியாமல் வாங்காதீர்கள். ஊரிலிருந்து வரும் பெயரில்லாத சூரணப் பொட்டலங்களை நான் கையாலும் தொடமாட்டேன். உள்ளே ஸ்டீராய்டு கலந்திருந்தால் "அற்புதமா கேட்டுச்சு" என்பீர்கள்.

தைப்பூசத்துக்கு நேர்த்திக்கடன். அடலிமுமாப் போட்டுக்கிட்டே அலகு குத்தலாமா?

கேட்டதற்கு முதலில் நன்றி. கேட்காமல் குத்திக்கொண்டு பிறகு சீழோடு வந்தவர்கள் உண்டு. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருக்கும்போது நாக்கிலும் கன்னத்திலும் முதுகிலும் துளை போடுவது கிருமிக்கு வாசல் திறப்பது. தீமிதியும் அப்படித்தான், கொப்புளம் ஆற நாளாகும். அலகுக்காக ஊசியைத் தள்ளிப்போடுவது அதைவிட மோசம். மேலே எதிர்ப்பொருள் பற்றிச் சொன்னது நினைவிருக்கட்டும்: விட்டு விட்டுப் போட்டால் உடம்பு மருந்தை எதிரியாக்கிக்கொள்ளும்.

மயிலிறகும் பூவும் வைத்த காவடியைத் தோளில் எடுக்கலாம், பால்குடம் எடுக்கலாம். ஜனவரி, பிப்ரவரி டர்பன் வெயிலில் வெறுங்காலோடு நடப்பதே பெரிய நேர்த்திதான்; ரத்தசோகை இருந்தால் கூட ஒரு ஆளும் தண்ணீரும் வேண்டும். அலகுதான் என்று வேண்டிக்கொண்டவர்கள் கோயில் குருக்களிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை எந்தக் குருக்களும் மறுத்ததில்லை, மாமியார்கள்தான் மறுத்திருக்கிறார்கள்.

எனக்கு இருக்கு. பிள்ளைக்கும் வருமா? இப்பவே மரபணு பார்த்துடலாமா?

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வராமல் போகும் வாய்ப்பு நூற்றில் தொண்ணூறுக்கு மேல். ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு கிரோன்ஸ் வந்தும் மற்றவருக்கு வராமல் போவது சகஜம். நலமாக ஓடியாடும் பிள்ளைக்கு மரபணு பார்ப்பதால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, பயம் மட்டும் மிஞ்சும். இரண்டு மூன்று வயதுக்குள் கடுமையாக நோய் வந்த குழந்தை விதிவிலக்கு. அங்கே ஒற்றை மரபணுக் கோளாறு இருக்கலாம், பார்த்தே ஆக வேண்டும்.

கர்ப்பமா இருக்கேன். டிரிப்பை நிறுத்திடவா?

நிறுத்தாதீர்கள். கர்ப்பத்தில் குழந்தைக்குப் பெரிய ஆபத்து கிளம்பிய நோயால்தான். இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப், மெசலசின் தொடரலாம். முன்பே ஒத்துக்கொண்ட அசாதயோப்ரினும் பெரும்பாலும் தொடரும். மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் கூடவே கூடாது, கருத்தரிக்கும் முன்பே விட்டிருக்க வேண்டும். டோஃபாசிடினிப் போன்ற புது மாத்திரைகளில் இருப்பவர்களும் பிள்ளை வேண்டும் என்று நினைத்த உடனே டாக்டரிடம் பேச வேண்டும்.

இந்த நாட்டுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, இதற்காகத்தான் இந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்தேன். இன்ஃப்ளிக்ஸிமாபும் அடலிமுமாபும் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், பிறந்த பிறகும் மாதக்கணக்கில் அதன் ரத்தத்தில் இருக்கும். இங்கே பிறந்த குழந்தைக்கு வீட்டுக்கு அனுப்பும் முன்பே வலது கையில் பி.சி.ஜி. போட்டுவிடுவார்கள். அது உயிருள்ள கிருமித் தடுப்பூசி. தாய்க்கு இன்ஃப்ளிக்ஸிமாப் போயிருந்த ஒரு குழந்தை பி.சி.ஜி. போட்ட பின் கிருமி பரவி இறந்ததாக மருத்துவ இதழில் 2010-ல் பதிவாகியிருக்கிறது. குறைந்தது ஆறு மாதம் தள்ளிப்போட வேண்டும். எப்போது போடலாம் என்பதையும், ஆறாவது வாரத்து ரோட்டாவைரஸ் சொட்டு மருந்தைப் பற்றியும் குழந்தை டாக்டர் சொல்வார். மற்ற தடுப்பூசிகள் வழக்கமான தேதியில்.

பிரசவ வார்டில் நள்ளிரவில் வரும் நர்ஸுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். நீங்கள் மயக்கத்தில் இருப்பீர்கள், கணவர் போனில் ஊருக்குச் சேதி சொல்லிக்கொண்டிருப்பார். நான் என் இரண்டாவது பிரசவத்துக்குப் போகும்போது ஒரு அட்டையில் சிவப்பு மையில் "தாய்க்கு இன்ஃப்ளிக்ஸிமாப். குழந்தைக்கு பி.சி.ஜி. இப்போது வேண்டாம்" என்று ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் எழுதிக்கொண்டு போனேன். பையன் பிறந்ததும் தொட்டில் தலைமாட்டில் பிளாஸ்டர் போட்டு ஒட்டினோம். குழந்தையின் தடுப்பூசிக் கணக்கு எழுதும் ரோட் டு ஹெல்த் புத்தகம் கைக்கு வந்ததும் அதன் முதல் பக்கத்திலும் அதையே எழுதச் சொன்னேன்.